சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர் அம்மா

தென்னை மரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கிலே இது புதிய செய்தி அல்ல. உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் தோப்புக்குத் தோப்பு தென்னைதான். மரம் ஏறிப் பிழைக்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. விடிவதற்கு முன்பே போடிமெட்டுச் சாலையிலும் கம்பம்மெட்டுச் சாலையிலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. ஏறுகிற வண்டி என்றாவது ஒரு நாள் உருளவும் செய்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் கிணற்று வேலைக்கு இறங்குகிறவர்களின் அபாயம் இன்னொரு விதம்.

விழுந்தவரை நாம் என்ன செய்கிறோம்? பதறி ஓடி வருகிறவர்களில் ஒருவர் அக்குளில் கை கொடுக்கிறார். இன்னொருவர் இரண்டு கால்களையும் பிடிக்கிறார். நடுவே முதுகு, அவிழ்ந்த மூட்டை மாதிரி தொங்குகிறது. அப்படியே கொண்டுபோய் ஆட்டோவிலே மடக்கி உட்கார வைக்கிறோம். எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால், விழுந்தபோது எலும்பு மட்டும் உடைந்திருந்தால், தூக்கியபோது அந்த எலும்பே உள்ளிருக்கும் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும்!

அப்புறம் ஆரம்பிக்கிறது அலைச்சல். எலும்பு கட்டுகிறவரிடம் ஒரு மாதம். எண்ணெய் வைத்தியரிடம் இரண்டு மாதம். மதுரையில் ஒரு டாக்டர், கேரளத்தில் ஒரு பிழிச்சல். நடுநடுவே மந்திரிப்பு, நேர்த்திக்கடன். வயலில் பாதி கைமாறிவிடும். கடைசியில் யாரோ ஒருவர், வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லுவார். மதுரைக்குப் போய்க் காட்பாடிக்கு ரயில் ஏறுவார்கள்.

அந்த வேலூரிலே, முதுகு முறிந்தவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்படக் காரணமாயிருந்த டாக்டரே முதுகு முறிந்தவர்தான் என்பது ரயில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

செறாய் கிராமத்துப் பெண்

கொச்சிக்கு அருகே கடலுக்கும் காயலுக்கும் இடையே வைப்பின் என்ற தீவு நீண்டு கிடக்கிறது. அதன் வட பகுதியில் செறாய் என்று ஓர் ஊர். அங்கே 1925-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி மேரி பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது குழந்தை. தகப்பனார் ஊரிலும் சபையிலும் மதிப்புள்ளவர். வீட்டருகே இருந்த பள்ளியில் மலையாளத்திலே பாடம் படித்த பெண், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து, நாடு சுதந்திரம் அடைந்த காலத்தை ஒட்டி, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கல்லூரியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1900-ம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆரம்பித்த வைத்தியசாலை அது. 1918-ல் பெண்களுக்கு வைத்தியம் கற்பிக்கும் பள்ளியாயிற்று. 1947-ல்தான் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐடா அம்மையார் ஓய்வு பெற்றபின் நம் பெரியகுளத்துக்கு மேலே தெரிகிற கோடைக்கானல் மலையிலேயே வாழ்ந்து, 1960-ல் காலமானார் என்பது தேனிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க செய்தி.

மேரி டாக்டர் பட்டம் பெற்றார். பெண்களுக்கான வைத்தியத்தில், பிரசவ சிகிச்சையில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்தப் பிரிவிலேயே வேலைக்கும் சேர்ந்தார். அது கால் கடுக்க நிற்க வேண்டிய உத்தியோகம். நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். வயது இருபத்தெட்டு. ஓடுவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

மைல் கல்

1954-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. இளம் டாக்டர்கள் சிலர் உல்லாசப் பயணமாக ஒரு வண்டியில் கிளம்பினார்கள். மேரியும் அவர்களில் ஒருவர். வழியில் முன்னே ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதை முந்திச் செல்ல முயன்றபோது வண்டி சாலையோரத்து மைல் கல்லில் மோதிற்று. மோதிய வேகத்தில் பல முறை உருண்டது.

வண்டியில் இருந்த பலருக்கும் காயம். மேரிக்குத்தான் எல்லாரையும்விடப் பலத்த அடி. முகம் ஆழமாகக் கிழிந்துபோயிற்று. அதுகூடப் பெரிதல்ல. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. கால்கள் இருந்தன. ஆனால் அவை அவருடைய கால்களாக இல்லை. காலையில் டாக்டராகப் புறப்பட்டவர், தாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே நோயாளியாகத் திரும்பி வந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று, முதுகின் சமாசாரத்தைப் பார்த்துவிடுவோம். முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் ஏழு, மார்புக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என்று மணி மணியாகக் கோத்த மாலை. அதன் கீழே ஒட்டிப்போன எலும்புகள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த மாலையின் உள்துவாரத்தில் மூளையிலிருந்து இறங்கிவருகிற தண்டுவடம் ஓடுகிறது. சுண்டு விரல் பருமன்தான் இருக்கும். கால் அசைவதும், சுடுவது தெரிவதும், சிறுநீர் அடங்குவதும் அதன் வழியாக நடக்கிற காரியங்கள்.

எலும்பு உடைந்தால் கூடும். மூன்று நாலு மாதத்தில் நன்றாகவே கூடும். தசை பிசகினால் ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகும். ஆனால் தண்டுவடம் அறுபட்டால் அதை ஒட்டவைக்க அன்றைக்கும் வழியில்லை, இன்றைக்கும் வழியில்லை. நசுங்கியது மட்டும் என்றால், ஓரளவு உணர்ச்சி திரும்புவது உண்டு. அதிலும் முதல் சில மாதங்களுக்குள் திரும்புகிறதுதான் பெரும்பகுதி. முதுகு வலி என்று நாம் பொதுவாகச் சொல்லுகிறோமே, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு வலிகளுக்கும் இந்த விபரீதத்துக்கும் சம்பந்தமே இல்லை. கால் விரலை அசைக்க முடியவில்லை, தொட்டால் தெரியவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாலு பேராக உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டி, ஒரு பலகையிலோ கதவிலோ கிடத்தித்தான் தூக்க வேண்டும். 108-க்குச் சொன்னால் வண்டி வரும். க.விலக்கிலே 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கைவிரல் முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கலாம். மரத்துப்போன காலுக்கு அந்தக் கட்டு ஆகாது.

எந்த வழி?

1954-ல் முதுகு முறிந்தவருக்கு என்னென்ன வழிகள் இருந்தன? எலும்பு கூடும் வரையில் மாவுக்கட்டிலோ, மாவினால் செய்த படுக்கையிலோ அசையாமல் கிடக்கலாம். ரண சிகிச்சை செய்து, ஆட்டம் கண்ட எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கலாம். முதுகு நிமிர்ந்து நிற்கும், உட்கார முடியும். ஆனால் கால் வராது. இரும்புச் சட்டங்களைக் காலில் மாட்டி, கக்கத்துக் கட்டைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு நாலடி நகரப் பழகலாம். பார்க்கிறவர்கள் நடக்கிறார் என்று சந்தோஷப்படுவார்கள். நடக்கிறவருக்கோ நாலடியில் மூச்சு வாங்கிவிடும். கடைசி வழி, சக்கர நாற்காலி.

நம் ஊரிலே அந்தக் கடைசி வழிதான் தோல்வி என்று கருதப்படுகிறது. நாற்காலி வாங்கினால் கால் வராது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்! அதனால் வாங்காமலே வருஷக்கணக்கில் கட்டிலில் கிடத்தி வைக்கிறார்கள். கட்டில்தான் எமன் என்பது தெரியாமல் போய்விடுகிறது. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால், அழுந்துகிற இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகும். வலி தெரியாது, ஆகையால் யாரும் பார்க்கமாட்டார்கள். புண் எலும்புவரை போகும். இன்னொரு பக்கம், தேங்கிய சிறுநீர் சீழ் பிடித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் உலக யுத்தத்தில் முதுகில் குண்டு பாய்ந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இறந்தது முதுகினால் அல்ல, இந்த இரண்டினால்தான்.

இதை மாற்றியவர் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற டாக்டர். 1944-ல் ஸ்டோக் மாண்டெவில் என்ற இடத்தில் முதுகு முறிந்த சிப்பாய்களுக்காக ஒரு பிரிவை ஏற்படுத்தினார்கள். அதற்கு அவர்தான் தலைவர். இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். இரவிலும் விடமாட்டார். கேட்டால் சின்னக் காரியம். அந்தச் சின்னக் காரியத்தினால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் தம் நோயாளிகள் பதினாறு பேரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்று உலகம் பார்க்கிற பாராலிம்பிக்கின் விதை அதுதான்.

ஆனால் 1954-ல் இந்த ஞானமெல்லாம் நம் நாட்டுக்கு ஒரு கட்டிடமாக, ஒரு பிரிவாக வந்து சேரவில்லை. மேரி அம்மையாரின் முகத்துக்கும் முதுகுக்கும் சிகிச்சைகள் நடந்தன. மாதங்கள் ஓடின. கால்கள் திரும்பவில்லை. டாக்டர் நோயாளியாவதில் ஒரு சங்கடம் உண்டு. சும்மா தைரியத்துக்குச் சொல்லுகிற வார்த்தைகள் டாக்டரிடம் அதிக நாள் செல்லாது. பிரசவ சிகிச்சை இனி இல்லை என்பது நிச்சயம். அப்படியானால் வேறு என்ன? இருபத்தெட்டு வயதுப் பெண், படித்த படிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு செறாய்க்குத் திரும்பிப் போய் ஜன்னலோரக் கட்டிலில் காலம் கழிப்பதா?

உட்கார்ந்து செய்யும் வேலை

வேலூரில் அப்போது ரண சிகிச்சை நிபுணராக இருந்தவர் டாக்டர் பால் பிராண்டு. வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். தகப்பனாரும் தாயாரும் அங்கே தொண்டு செய்ய வந்தவர்கள். தொழுநோயாளிகளின் முடங்கிப்போன கைகளை ரண சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் இவர்.

அந்தச் சிகிச்சையின் சூட்சுமம் தெரிந்தால் கதையின் அடுத்த பகுதி நன்றாக விளங்கும். தொழுநோய்க் கிருமி முழங்கை ஓரத்து நரம்பைக் கெடுத்துவிடுகிறது. விரல்களை நீட்டுகிற சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. விரல்கள் கழுகின் நகம் மாதிரி வளைந்து நின்றுவிடும். கெட்ட நரம்பைத் திருத்த முடியாது. ஆனால் முன்கையில் வேறு தசைகள் நன்றாகவே இருக்கும். அவற்றில் ஒன்றின் நாணை எடுத்து, உள்ளே வழி திருப்பி, விரல்களில் கொண்டுபோய்த் தைத்துவிடுகிறார்கள். அப்புறம் பழைய தசைக்குப் புதிய வேலையைப் பயிற்சியினால் கற்பிக்கிறார்கள். போனதை விட்டுவிட்டு, இருப்பதை வைத்து வேலை வாங்குவது!

கையில் செய்கிற ரண சிகிச்சைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. வயிற்றைத் திறக்கிற டாக்டர் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கையைத் திறக்கிற டாக்டரோ, கால் நன்றாக உள்ளவரானாலும் உட்கார்ந்துதான் செய்கிறார். அவ்வளவு நுட்பமான வேலை. நோயாளியின் கை ஒரு மேஜைமேல் கிடக்கும். டாக்டர் எதிரே அமர்ந்திருப்பார். டாக்டர் அமர்ந்திருக்கும் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால் என்ன?

இந்த யோசனையை மேரிக்குச் சொன்னவர் பிராண்டுதான். எத்தனை எளிமையான யோசனை, பாருங்கள்! மருந்தில்லை, மாயமில்லை. கால் இல்லாத டாக்டருக்குக் கால் வேண்டாத வேலை ஒன்றைத் தேடிக் கொடுத்தார். மேரி அம்மையாரின் முதுகுக்கு நடந்த வைத்தியங்களில் எல்லாம் மேலான வைத்தியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் சம்மதித்தார். சொல்லுவது சுலபம். இடுப்புக்குக் கீழே பிடிப்பே இல்லாதவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதே ஒரு வித்தை. அப்படி உட்கார்ந்து, கை நடுங்காமல், மயிரிழை போன்ற தையல்களைப் போட வேண்டும். பழகினார். சக்கர நாற்காலியிலிருந்து முடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அந்த நோயாளிகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஊரும் உறவும் ஒதுக்கிய மனிதர்கள். அவர்களுக்கு முன்னால், அவர்களைப் போலவே உடம்பில் ஒரு பகுதியை இழந்தவர் டாக்டராக வந்து அமர்கிறார். மருந்தைவிட அந்தக் காட்சியே அவர்களுக்குப் பாதி தைரியம் கொடுத்திருக்கும்.

பெர்த்தும் நியூயார்க்கும்

கை வேலை கிடைத்துவிட்டது. ஆனால் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் வித்தை இன்னும் பாக்கி இருந்தது. அதற்காக ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரத்துக்குப் போனார். அங்கே முதுகு முறிந்தவர்களைப் பழக்குவதில் பேர்பெற்ற பிரிவு ஒன்று இருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கைகளை ஊன்றித் தாமே மாறுவது, உட்கார்ந்தபடியே அவ்வப்போது உடம்பைத் தூக்கிப் புண் வராமல் காப்பது, சிறுநீர் விஷயத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வது ஆகியவைதான் இத்தகைய இடங்களில் கற்றுக்கொடுக்கிற பாடங்கள். படித்த டாக்டர், பள்ளிப் பிள்ளை மாதிரி இவற்றைக் கற்றார். இந்தப் பாடத்தை இந்தியாவில் யார் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் நின்றது.

அந்தக் கேள்விதான் அவரை நியூயார்க்குக்குக் கொண்டுபோயிற்று. அங்கே டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பவர், இரண்டாவது உலக யுத்தத்தில் காயமுற்ற விமானப் படையினரிடம் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, மறுவாழ்வு வைத்தியத்துக்கென்றே ஒரு நிலையம் நடத்தி வந்தார். நோய் தீர்ந்ததும் ஆஸ்பத்திரியின் வேலை முடிந்தது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளி வீட்டுக்குப் போய்ச் சமைத்து, குளித்து, சம்பாதிக்கிற வரையில் டாக்டருக்குப் பொறுப்பு உண்டு என்பது அவர் கொள்கை. அவரிடம் உதவிச் சம்பளத்தில் பயிற்சி பெற்றார் மேரி. அயல்நாட்டிலே, சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, புதிதாக ஒரு வைத்தியத் துறையை முதலிலிருந்து படிப்பதென்றால் சாமானியமா?

அவர் வேலூருக்குத் திரும்பினார். 1963-ல் இயன்முறை வைத்தியத்துக்கும் மறுவாழ்வுக்கும் என்று அமைந்த பிரிவின் தலைமையை ஏற்றார். நோயாளிகளைத் தங்கவைத்து இத்தகைய சிகிச்சை தந்த பிரிவு இந்தியாவிலேயே அதுதான் முதல். மூன்று வருஷம் கழித்து 1966-ல், கல்லூரி இருக்கிற பாகாயத்தில், மலையடிவாரத்தில், மறுவாழ்வு நிலையம் தனிக் கட்டிடமாகவே எழுந்தது. பிற்காலத்தில் அதற்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது.

தென்னையிலிருந்து விழுந்தவர் இங்கே வந்தால் என்ன நடக்கும்? முதலில் புண்ணை ஆற்றுவார்கள். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைக்க வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். கைகளுக்குப் பலம் ஏற்றுவார்கள். பிறகு நாற்காலியில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, நூறு முறை பழக்குவார்கள். ஊரில் வாசற்படி எத்தனை, கக்கூஸ் எங்கே, என்ன தொழில் தெரியும் என்றெல்லாம் கேட்பார்கள். கால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு வந்த குடும்பத்துக்கு, பெட்டிக்கடை வைக்கலாமா, தையல் மிஷின் ஓட்டலாமா என்ற பேச்சு முதலில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். சிலர் கோபித்துக்கொண்டு மறுபடியும் எண்ணெய் வைத்தியரைத் தேடிப் போய்விடுவதும் உண்டு.

இன்று முதுகு சிகிச்சையின் கருவிகள் பெரிதும் மாறிவிட்டன. எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடத்தின் நிலைமை கண்முன்னே தெரிகிறது. உலோகத் திருகுகளும் கம்பிகளும் வைத்து முதுகை உறுதிப்படுத்தி, சில நாட்களிலேயே நோயாளியை உட்கார வைக்கிறார்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்த காலம் போயிற்று. ரண சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்பதை எலும்பு எப்படி உடைந்திருக்கிறது, தண்டுவடம் அழுந்துகிறதா என்பவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் அந்தச் சிகிச்சையினால் என்ன கிடைக்கும், கால் கிடைக்குமா, உட்காரும் பலம் மட்டும் கிடைக்குமா என்று வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. காணியை விற்பதற்கு முன்னால் கேட்பது நல்லது.

வேலூர் தூரமாயிற்றே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குத் தெற்கே தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊர் இருக்கிறது. கடற்படைத் தேர்வில் தவறி விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட எஸ்.ராமகிருஷ்ணன் என்ற மாணவர், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தம்மைக் கவனித்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். மேரி அம்மையாரைப் போலவே, நாற்காலியிலிருந்து நடத்தப்பட்ட ஸ்தாபனம்தான் அதுவும்.

மேரி அம்மையாரின் சரித்திரத்தை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963-லேயே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதிவிட்டார். 1972-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. பாகாயத்தில் பயிற்சி பெற்று வீடு திரும்பிய பழைய நோயாளிகள் வருஷத்துக்கு ஒரு தடவை நாற்காலிகளோடு வந்து கூடும் மேளா ஒன்றும் பிற்காலத்தில் ஏற்பட்டது. பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. கூடவே ஒவ்வொருவருக்கும் சிறுநீரகமும் தோலும் சரியாயிருக்கின்றனவா என்ற பரிசோதனையும் உண்டு.

1986-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி மேரி வர்கீஸ் அம்மையார் காலமானார். வயது அறுபத்தொன்று. கணக்குப் பார்த்தால், கால்களால் நடந்தது இருபத்தெட்டு வருஷமும் சில மாதங்களும். நாற்காலியில் இருந்தபடி டாக்டராக வாழ்ந்த காலம் அதைவிட நாலு வருஷம் அதிகம்.